பத்து ஸ்லைடு மலேரியா பெட்டி: லேப் டெக்னீஷியன் படிக்கிறவர்கள் வாங்கலாமா?

மலேரியா ஒட்டுண்ணியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பழகுவதற்கான, சாயமிட்ட ஸ்லைடுகள் கொண்ட பெட்டி இது; வைவாக்ஸ், ஃபால்சிபாரம், மலேரியே, ஓவேல் என்று கீழே வருபவை அந்த ஒட்டுண்ணியின் இனங்கள். முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். வைவாக்ஸ் ஸ்லைடு இரண்டும், ஃபால்சிபாரம் கேமீட்டோசைட் (கொசுவுக்குப் போகிற பாலின நிலை) ஸ்லைடும், கடைசியில் இருக்கும் மூளைத் திசு ஸ்லைடும் கொடுத்த காசுக்கு மேலேயே தருகின்றன. ஓவேல் ஸ்லைடை நம்ப வேண்டாம். திக் ஸ்மியர் (கண்ணாடியில் தடிப்பாகத் தடவிய இரத்தம்) இரண்டும் சுமார். கூட வரும் விளக்கத்தாள் மோசம், அதைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே கீழே எழுதியிருக்கிறேன். அவசரம் இருப்பவர்கள் இத்தோடு ஆர்டர் போட்டுக்கொள்ளலாம். மற்றவர்கள் வாருங்கள், ஸ்லைடு ஸ்லைடாகப் பார்ப்போம்.

நான் டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்ப டிப்ளமோ) மாணவர்களுக்கு ஒட்டுண்ணி செய்முறை வகுப்பு எடுக்கிறேன். எங்கள் பக்கம் மலேரியா பாசிட்டிவ் ஸ்லைடு கிடைப்பதே அரிதாகிவிட்டது. ஊருக்கு நல்லதுதான், ஆனால் படிக்கிற பிள்ளைகள் புத்தகப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள், திடீரென்று ஒடிசாவிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ காய்ச்சலோடு வந்த ஒருவரின் ஸ்மியர் கையில் வரும்போது திணறிவிடுகிறார்கள். இலங்கை 2016-இல் உலக சுகாதார நிறுவனத்திடம் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழே வாங்கிவிட்டது. அங்கே இருக்கிற டெக்னீஷியன்களுக்கும் இதே பிரச்சினை இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நோய் போன பிறகும் வெளிநாட்டிலிருந்து வருகிற கேஸைப் பிடிக்க அந்தக் கண் இருந்தாக வேண்டும். இந்தப் பெட்டி அந்தக் கண்ணைப் பழக்குவதற்குத்தான்.

பெட்டி அம்பாலா பக்கம் தயாராவது, நம் ஊரில் நாலைந்து பெயரில் விற்கிறார்கள், உள்ளே இருப்பது ஒன்றுதான். அதனால் பெயர் எழுதவில்லை. பத்து ஸ்லைடு: நோயில்லாத இரத்தம் ஒன்று, வைவாக்ஸ் தின் ஸ்மியர் (மெல்லியதாகத் தடவியது) இரண்டு, ஃபால்சிபாரம் ரிங் (வளையம் போன்ற இளம் நிலை) ஒன்று, ஃபால்சிபாரம் கேமீட்டோசைட் ஒன்று, மலேரியே ஒன்று, ஓவேல் ஒன்று, திக் ஸ்மியர் இரண்டு, மூளைத் திசு வெட்டு ஒன்று. எல்லாம் ஜீம்சா சாயம், மூளை மட்டும் வழக்கமான ஹிமடாக்ஸிலின் ஈயோசின். எல்லாவற்றுக்கும் மேலே கவர் சிலிப் என்ற மெல்லிய கண்ணாடி போட்டு ஒட்டியிருக்கிறார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் விலை. எனக்கு வந்ததில் மலேரியே ஸ்லைடு விரிசலோடு வந்தது, படம் எடுத்து அனுப்பினேன், கொஞ்சம் இழுத்தடித்த பிறகு மாற்றித் தந்தார்கள்.

ஒரு முக்கியமான விஷயம். இதைப் பார்க்க 100 எக்ஸ் ஆயில் லென்ஸ் கட்டாயம். 40 எக்ஸ் மட்டும் இருக்கிற பள்ளி மைக்ரோஸ்கோப்பில் இதை வைத்துப் பார்த்து, ஊதாப் புள்ளிதானே தெரிகிறது என்று திட்டாதீர்கள். அப்புறம், 100 எக்ஸ் லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி மிக மிகக் குறைவு, கவர் சிலிப் 0.17 மில்லிமீட்டர் கனத்தில் இருந்தால்தான் ஃபோகஸ் ஆகும். என் பெட்டியில் ஒரு திக் ஸ்மியருக்குத் தடித்த கண்ணாடியைப் போட்டுவிட்டார்கள், அல்லது ஒட்டுகிற பசையை அதிகம் ஊற்றிவிட்டார்கள். லென்ஸ் கண்ணாடியில் முட்டுகிறது, படம் தெளிவதே இல்லை. பெட்டி வந்த அன்றே பத்தையும் ஆயிலில் வைத்து ஃபோகஸ் ஆகிறதா என்று பார்த்துவிடுங்கள். மாற்றித் தரக் கேட்கும் கெடு முடிந்த பிறகு கண்டுபிடித்தால் பயன் இல்லை.

சரி, உள்ளே போவோம். மாணவர்கள் எல்லோரும் நேரே வைவாக்ஸை எடுத்து ஒட்டுண்ணியைத் தேடுகிறார்கள். நான் முதல் ஸ்லைடை, அதாவது நோயில்லாத இரத்தத்தை, நன்றாகப் பார்க்கச் சொல்வேன். அந்தச் சாதாரண ஸ்லைடைப் பெட்டியில் சேர்த்ததற்காகவே தயாரித்தவரைப் பாராட்ட வேண்டும். சிவப்பணு ஏழிலிருந்து எட்டு மைக்ரான் அகலம், நடுவில் வெளிறி, ஓரம் அடர்ந்து இருக்கும். உட்கரு கிடையாது. புதிதாகப் புரதம் செய்து வெளியே அனுப்புகிற எந்த ஏற்பாடும் அதற்குள் இல்லை. ஹீமோகுளோபினை அடைத்து வைத்த, நன்றாக வளைகிற ஒரு பை. சுமார் 120 நாள் வாழ்கிறது, அவ்வளவு நாளும் தன்னைவிடக் குறுகலான தந்துகிகளில் மடங்கி நுழைந்து, மண்ணீரலில் ஒரு மைக்ரான் அளவு இடுக்குகளில் பிதுங்கி வெளியே வந்து காட்ட வேண்டும். அப்படி வளைய முடியாதவற்றை மண்ணீரல் பிடித்து அழித்துவிடும். மலேரியா ஒட்டுண்ணி குடியேறுவது இப்படிப்பட்ட அணுவுக்குள்தான். வைரஸ் மாதிரி, இருக்கிற தொழிற்சாலையைப் பிடுங்கிக்கொள்ள அதற்கு இங்கே வழியில்லை. தொழிற்சாலையே இல்லாத அணுவில் எல்லாவற்றையும் அதுவே கொண்டுவந்து கட்ட வேண்டும். மீதி ஒன்பது ஸ்லைடும் அந்தக் கட்டுமானத்தின் வெவ்வேறு கட்டங்கள் என்று நினைத்துப் பாருங்கள், பெட்டி வேறு மாதிரித் தெரியும்.

வைவாக்ஸ் ஸ்லைடு இரண்டும் அருமை. சத்தியமாகச் சொல்கிறேன், இந்த விலையில் இப்படி ஒரு சாயத்தை எதிர்பார்க்கவில்லை. ஒன்றில் ரிங்குகளும் வளர்ந்த ட்ரோபோசோயிட்டும், இன்னொன்றில் ஸ்கைசான்டும் கேமீட்டோசைட்டும். ரிங் வளர்ந்தால் ட்ரோபோசோயிட், அது பல குட்டிகளாகப் பிரியும் நிலை ஸ்கைசான்ட், அந்தக் குட்டிகள்தான் மெரோசோயிட். பக்கத்தில் இருக்கிற நோயில்லாத அணுவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒட்டுண்ணி இருக்கிற அணு ஒன்றரை மடங்கு பெரிதாக, வெளிறிப்போய், ஓரம் ஒழுங்கில்லாமல் இருக்கும். வைவாக்ஸ் பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த இளம் சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட்டுகளுக்குள்தான் நுழைகிறது. அவை முதலிலேயே கொஞ்சம் பெரியவை, ஒட்டுண்ணி நுழைந்த பிறகு இன்னும் பெரிதாகின்றன. அப்புறம் அந்த அணு முழுக்கச் சிதறிக் கிடக்கும் இளஞ்சிவப்புப் பொடிப் புள்ளிகள், அவைதான் ஷுஃப்னர் புள்ளிகள். ஒட்டுண்ணியின் உடலில் இருக்கும் புள்ளிகள் இல்லை அவை, அதற்கு வெளியே, சிவப்பணுவின் சொந்த உடம்பில் இருப்பவை. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, அணுச் சவ்வில் குழி குழியாக உள்வாங்கி, அந்தக் குழிகளைச் சுற்றிச் சின்னச் சின்னப் பைகள் ஒட்டியிருப்பது தெரிந்தது. ஒட்டுண்ணி தன் புரதங்களைக் கொண்டுபோய்ச் சிவப்பணுவின் சவ்வைத் திருத்தி அமைத்திருக்கிறது என்பதற்கு நாம் சாதாரண மைக்ரோஸ்கோப்பிலேயே பார்க்கக்கூடிய நேரடிச் சாட்சி இது.

இந்தப் புள்ளிகள் தெரிவதற்குக் காரணம் தயாரித்தவர் சாயத்தின் பி.எச். அளவைச் சரியாக வைத்ததுதான். சாயத்தைக் கலக்கிற பஃபர் கரைசல் 7.2 இருக்க வேண்டும். இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கிற சாதாரண ஸ்மியருக்குப் பல லேப்களில் 6.8 வைப்பார்கள், அதே பஃபரில் மலேரியா ஸ்மியரையும் போட்டால் ஒட்டுண்ணி தெரியும், புள்ளிகள் சரியாக விழாது, அப்புறம் இனம் பிரிப்பதில் தகராறு. உங்கள் லேப்பில் வைவாக்ஸில் புள்ளியே வருவதில்லை என்றால் முதலில் பஃபரைப் பாருங்கள். அரசு மலேரியா கிளினிக்குகளில் ஜே.எஸ்.பி. சாயத்தில் பழகியவர்கள் இந்த ஜீம்சா நிறத்துக்குக் கண்ணைக் கொஞ்சம் பழக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

வைவாக்ஸ் அணுவைப் பற்றி இன்னொன்று. பெருத்துப் போனாலும் அது விறைத்துப் போவதில்லை, சொல்லப்போனால் நன்றாக வளைகிறது. அதனால்தான் ரிங்கிலிருந்து ஸ்கைசான்ட் வரை எல்லாக் கட்டமும் விரலில் குத்தி எடுக்கிற இரத்தத்திலேயே நமக்குக் கிடைக்கிறது, மண்ணீரல் வழியே தாண்டி வந்துவிடுகிறது என்றுதான் நாங்கள் படித்தோம். ஆனால் 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தோனேசியாவின் பப்புவா பகுதியில் வேறு காரணங்களுக்காக மண்ணீரல் அகற்றப்பட்டவர்களைச் சோதித்தபோது, வெளியே ஓடும் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமான ஒட்டுண்ணிகள் மண்ணீரலுக்குள் உயிரோடு குவிந்திருந்தன. ஸ்மியரில் நாம் எண்ணுவது வெளியே தலைகாட்டுகிற சிறு பங்கு மட்டும் என்பதை மாணவர்களுக்குச் சொல்லாமல் விடாதீர்கள்.

அடுத்து ஃபால்சிபாரம் ரிங். இந்த ஸ்லைடைப் பார்த்ததும் பிள்ளைகள் சொல்வது, அணு அப்படியே இருக்கிறதே, ஒன்றும் ஆகவில்லையே என்பதுதான். பார்வைக்கு அது உண்மை. அளவு மாறவில்லை, நிறம் மாறவில்லை, மெல்லிய வளையம் ஒன்று, சிலவற்றில் ஒரே அணுவுக்குள் இரண்டு மூன்று வளையம், சில வளையம் அணுவின் விளிம்போடு ஒட்டிக்கொண்டு, சிலவற்றில் இரட்டைப் புள்ளி. சாயம் நன்றாக இருக்கிறது, ஒட்டுண்ணியின் அடர்த்தியும் போதும், ஒரு ஃபீல்டுக்கு ஒன்றிரண்டாவது கிடைக்கும். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் இந்த ஸ்லைடில் எது இல்லை என்பதுதான் கேள்வி, விளக்கத்தாளை எழுதியவர் அதைத் தொடவே இல்லை. அந்தத் தாளில் ஃபால்சிபாரத்தின் ரிங், ட்ரோபோசோயிட், ஸ்கைசான்ட், கேமீட்டோசைட் என்று வரிசையாகப் படம் போட்டு, எல்லாம் ஸ்மியரில் தெரியும் என்பது போல அச்சடித்திருக்கிறார்கள். ஸ்லைடை வைத்துக்கொண்டு ஸ்கைசான்டைத் தேடித் தேடி மாணவர்கள் ஓய்ந்துபோகிறார்கள். கிடைக்காது. கிடைக்காமல் போவதற்கான காரணம்தான் இந்த நோயில் ஆளைக் கொல்கிற விஷயம். ஒரு வரியில் அதைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, எனக்கு அதில் உண்மையாகவே கோபம்.

நடப்பது இதுதான். மெரோசோயிட் சிவப்பணுவில் ஒட்டி உள்ளே நுழைவது ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நுழையும்போதே தன்னைச் சுற்றி ஒரு சவ்வுப் பையை உண்டாக்கிக்கொள்கிறது. அதற்குள் உட்கார்ந்துகொண்டு நூற்றுக்கணக்கான வகைப் புரதங்களைச் செய்து, அந்தப் பைச் சவ்வில் பதித்த ஒரு வாயில் வழியாகச் சிவப்பணுவின் உடலுக்குள் அனுப்புகிறது. எந்தப் புரதம் வெளியே போக வேண்டும் என்பதற்குப் புரதத்திலேயே ஒரு சிறு முகவரி இருக்கிறது, அதை 2004-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. வெளியே போகிறவை மாரர் பிளவுகள் எனப்படும் தட்டையான சவ்வுப் பைகளில் சேர்ந்து அங்கிருந்து அணுவின் மேற்பரப்புக்குப் பிரிகின்றன. இந்த ஸ்லைடில், கொஞ்சம் முதிர்ந்த ரிங் இருக்கிற அணுக்களில் உற்றுப் பார்த்தால், ஷுஃப்னர் புள்ளியைவிடக் குறைவாக, தடிப்பாக, ஒழுங்கில்லாமல் சில புள்ளிகள் தெரியும். அவைதான் மாரர் பிளவுகள். எல்லா அணுவிலும் தெரியாது, பொறுமையாக ஸ்மியரின் மெல்லிய ஓரத்தில் நகர்த்தித் தேடினால் கிடைக்கும். எங்கள் வகுப்பில் ஒரு பெண் அதைக் கண்டுபிடித்துவிட்டு, மேடம் இது சாய அழுக்கா என்று கேட்டாள். நல்ல கேள்வி. சாய அழுக்கு என்றால் ஒட்டுண்ணி இல்லாத அணு மேலும், அணுவே இல்லாத வெற்றிடத்திலும் கிடக்கும், ஃபோகஸைக் கொஞ்சம் மேலே தூக்கினால்தான் தெளிவாகும். இவை நோய்ப்பட்ட அணுவுக்குள் மட்டும், அதே ஃபோகஸில்.

நுழைந்து 16 முதல் 20 மணி நேரம் ஆகும்போது அந்தப் புரதங்களில் முக்கியமான ஒன்று, பி.எஃப்.இ.எம்.பி.1, அணுவின் வெளிப்புறத்தில் வந்து நிற்கிறது. அது நிற்பதற்கு மேடை போல அணுச் சவ்வில் நானோமீட்டர் அளவு முண்டுகள் எழுகின்றன. இவற்றை எந்த 100 எக்ஸ் லென்ஸிலும் பார்க்க முடியாது, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வேண்டும். இந்தப் புரதம் தந்துகிகளின் உட்சுவரைப் பிடித்துக்கொள்ளும். அணு அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், மண்ணீரலுக்குப் போகிற வேலையே இல்லை. அதனால்தான் ரிங் மட்டும் ஸ்மியரில், வளர்ந்தவை எல்லாம் உள்ளுறுப்புகளில். இந்தப் புரதத்துக்கு ஏறத்தாழ 60 மரபணுக்களை ஒட்டுண்ணி கையிருப்பில் வைத்திருக்கிறது, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் காட்டும். உடல் அதற்கு எதிர்ப்புப் பொருள் செய்து முடிக்கும்போது, சந்ததியில் சில வேறொன்றுக்கு மாறியிருக்கும். அவற்றில் ஒரு வகை கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியில் மட்டும் போய்ப் பிடிக்கிறது, அதனால்தான் சிறு வயதிலிருந்து மலேரியா வந்து வந்து எதிர்ப்பு பெற்ற பெண்கள்கூட முதல் கர்ப்பத்தில் இந்த நோயால் கடுமையாகப் பாதிக்கப்படுகிறார்கள்.

நேரே பத்தாவது ஸ்லைடுக்குப் போங்கள், மூளைத் திசு. மலேரியே, ஓவேலை எல்லாம் அப்புறம் பார்க்கலாம். இதை முதலில் 10 எக்ஸில் வையுங்கள், இளஞ்சிவப்புப் பரப்பில் அங்கங்கே கோடும் வட்டமுமாகத் தந்துகிகள் தெரியும். 40 எக்ஸுக்குப் போனால் அந்தக் குழாய்களுக்குள் சிவப்பணுக்கள் சுவரோரமாக வரிசை கட்டி நிற்பதும், ஒவ்வொன்றிலும் கரும்பழுப்புப் பொட்டு ஒன்று இருப்பதும் தெரியும். ஆயிலில் பார்த்தால் அந்தப் பொட்டுதான் ஹீமோசோயின் நிறமி, ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைத் தின்றுவிட்டு மிச்சம் வைத்தது. சில குழாய்களில் போக வழியே இல்லாமல் அடைத்து நிற்கின்றன. இது ஒரு மனிதரின் மூளை, அவர் இந்த நோயில் இறந்திருக்கிறார், அதை வகுப்பில் நான் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் ஸ்லைடைக் கையில் கொடுப்பேன்.

நிறமி விஷயத்தில் எனக்கு முதலில் சந்தேகம் இருந்தது. ஃபார்மலினில் நெடுநாள் கிடந்த, இரத்தம் அதிகமுள்ள திசுவில் இதே மாதிரிப் பழுப்பு நிறமி தானாகவே படியும், போலரைஸ் செய்த ஒளியிலும் இரண்டும் மின்னும், ஏமாறுவது சுலபம். ஆனால் ஃபார்மலின் நிறமி இஷ்டத்துக்குச் சிதறிக் கிடக்கும். இதில் பொட்டுகள் எல்லாம் குழாய்க்குள்ளே, அணுவுக்குள்ளே, ஒன்றுக்கு ஒன்று என்று ஒழுங்காக இருக்கின்றன. அசல்தான். வெட்டும் மெல்லியது, மடிப்பு இல்லை.

ஹீமோகுளோபினைத் தின்கிறது என்றேன் அல்லவா, அணுவில் இருப்பதில் பாதிக்கு மேல் கரைத்துவிடுகிறது. அப்படிக் கரைக்கும்போது வெளிவருகிற ஹீம் அதற்கே விஷம், அதனால் அதைப் படிகமாகக் கட்டி ஓரமாக வைக்கிறது. குளோரோகுயின் மாத்திரை வேலை செய்வது இந்தப் படிகமாக்கலைக் கெடுத்துத்தான். ஆனால் ஹீமோகுளோபின் மட்டும் அதற்குச் சாப்பாடாகப் போதாது. பெரியவர்களின் ஹீமோகுளோபினில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் கொஞ்சமும் கிடையாது, அது இரத்த நீரிலிருந்துதான் வர வேண்டும். அதற்கு அணுவின் சவ்வையே ஒட்டுண்ணி துளைபோட்டு மாற்றி, சாதாரணச் சிவப்பணு உள்ளே விடாத பல பொருள்களை விடும்படி செய்துவிடுகிறது. ட்ரேகரும் ஜென்சனும் 1976-இல் ஃபால்சிபாரத்தைக் குடுவையில் வளர்க்க வழி கண்ட பிறகு, இந்த மாற்றத்தையே ஆராய்ச்சி லேப்களில் ஒரு கருவியாகப் பயன்படுத்துகிறார்கள்: கல்ச்சரில் 5 சதவீத சார்பிட்டால் ஊற்றினால், முதிர்ந்த ஒட்டுண்ணி இருக்கும் அணுக்களுக்குள் அது புகுந்து, தண்ணீரும் கூடவே ஏறி, வெடித்துவிடும். ரிங் நிலை அணுக்களில் அந்த வழி இன்னும் திறக்கவில்லை, தப்பிவிடும். எல்லாம் ஒரே வயதுள்ள கல்ச்சர் இப்படித்தான் கிடைக்கிறது. ஸ்லைடில் இதற்கு ஓர் அடையாளமும் தெரியாது, ஆனால் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

கேமீட்டோசைட் ஸ்லைடு நிறைவாக இருக்கிறது. வாழைப்பழ வடிவம் என்று எல்லாப் புத்தகத்திலும் படித்ததுதான். நீங்கள் அதன் வளைந்த உட்பக்கத்தைப் பாருங்கள். மெல்லிய, நிறமே இல்லாதது போன்ற ஒரு பிறைத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும், சிலவற்றில் மட்டும். அதுதான் மிச்சமிருக்கும் சிவப்பணு, ஒட்டுண்ணி அதை முழுக்க நிரப்பி இழுத்து நீட்டிவிட்டது. 1880-இல் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் பிரெஞ்சு மருத்துவர் லாவெரான் சாயமே போடாத இரத்தத்தில் முதன்முதலில் பார்த்தவற்றில் இந்தப் பிறை வடிவமும் உண்டு. இவை இளசாக இருக்கும்போது பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையில் ஒளிந்து வளர்கின்றன, அப்போது அணு விறைப்பாக இருக்கும். முதிர்ந்ததும் மறுபடி வளையத் தொடங்கி வெளி இரத்தத்துக்கு வந்து கொசுவுக்காகக் காத்திருக்கின்றன. விறைப்பையும் நெகிழ்வையும் காலம் பார்த்து மாற்றிக்கொள்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை.

இந்த விறைப்பைச் செத்த ஸ்மியரில் பார்க்க முடியாது, அதற்காகப் பெட்டியைக் குறை சொல்ல மாட்டேன். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்த சுப்ரா சுரேஷ், எம்.ஐ.டி.யில் இருந்தபோது, தன் குழுவோடு சேர்ந்து லேசர் ஒளியால் ஒற்றைச் சிவப்பணுவைப் பிடித்து இழுத்து அளந்தார். ஸ்கைசான்ட் நிலைக்கு வந்த ஃபால்சிபாரம் அணு, நோயில்லாத அணுவைவிடப் பத்து மடங்கு வரை விறைத்திருந்தது. உலோகத்தின் வலிமையைப் படித்தவர் சிவப்பணுவுக்கு வந்தது நமக்கு லாபம்.

மலேரியே ஸ்லைடு பரவாயில்லை. அணுவுக்குக் குறுக்கே பட்டை போல நீண்ட ட்ரோபோசோயிட் நாலைந்து இடத்தில் தெளிவாகக் கிடைத்தது, அணு பெரிதாகவில்லை, சில சற்றுச் சிறுத்தும் இருக்கின்றன. வைவாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதுவே போதும்.

ஓவேல் என்று ஒட்டியிருக்கும் ஸ்லைடு ஓவேல்தானா என்று எனக்குச் சந்தேகம். நீள்வட்ட அணுக்கள் இருக்கின்றன, சரி, ஆனால் நோயில்லாத அணுக்களும் அதே திசையில் நீண்டிருக்கின்றன, அதாவது ஸ்மியரை இழுத்தபோது ஏற்பட்ட இழுவை. ஓவேலில் எதிர்பார்க்கிற கிழிந்த விளிம்பு எங்கேயும் சரியாகத் தெரியவில்லை. பதினைந்துக்கு மேற்பட்ட மெரோசோயிட் இருக்கும் ஸ்கைசான்ட் ஒன்று கண்ணில் பட்டது, ஓவேலில் அவ்வளவு வராது, வைவாக்ஸில் சாதாரணமாக வரும். நான் இதை மாணவர்களுக்கு ஓவேல் என்று காட்டுவதில்லை.

திக் ஸ்மியரில் சிவப்பணுவை உடைத்துவிட்டுத்தான் சாயம் போடுகிறோம், அதனால் அணுவுக்கு என்ன ஆனது என்று பார்க்க அது உதவாது. ஒட்டுண்ணி இருக்கிறதா இல்லையா என்று பிடிப்பதற்கு அதுதான் முதல் வழி, அந்தப் பழக்கத்துக்காகச் சேர்த்திருக்கிறார்கள். ஒன்று ஃபோகஸ் ஆகவில்லை என்று சொன்னேன், இன்னொன்றில் சாயப் படிவு அதிகம்.

இப்போதெல்லாம் கார்டு டெஸ்ட் (ஒரு சொட்டு இரத்தம் விட்டால் கோடு விழுந்து மலேரியாவைக் காட்டும் துரிதச் சோதனை) இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு என்று ஒரு மாணவர் கேட்டார். கார்டு நல்லது, இரவு நேரத்தில் தனியாக இருக்கும் டெக்னீஷியனுக்குப் பெரிய உதவி. ஆனால் ஃபால்சிபாரம் கோடு பிடிப்பது ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள்ளும் இரத்தத்துக்குள்ளும் விடுகிற ஹெச்.ஆர்.பி.2 என்ற புரதத்தை. ஒட்டுண்ணி செத்த பிறகும் வாரக்கணக்கில் அது இரத்தத்தில் கிடக்கும், கோடு விழுந்துகொண்டே இருக்கும். மருந்து கேட்கிறதா என்று பார்க்க ஸ்மியரில் எண்ணத்தான் வேண்டும். அதோடு, ரிங் இளசா முதிர்ந்ததா, வெள்ளையணுக்களில் நிறமி இருக்கிறதா, அபூர்வமாக வெளியே ஸ்கைசான்ட் வந்துவிட்டதா என்றெல்லாம் கார்டு சொல்லாது. ஃபால்சிபாரத்தில் ஸ்கைசான்ட் ஸ்மியரிலேயே தெரிந்தால் உள்ளே எவ்வளவு ஒட்டிக்கிடக்கிறது என்று யோசித்து, டாக்டருக்கு உடனே போன் போட வேண்டும்.

தயாரிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சிக்கிள் செல் (சிவப்பணு அரிவாள் போல வளையும் மரபு நோய்) ஸ்லைடு ஒன்றை இந்தப் பெட்டியில் சேருங்கள். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த மரபு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1952-லேயே எழுதிவிட்டார்கள், எங்கள் மாணவர்களில் கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பிள்ளைகள் உண்டு. அந்த மரபணு ஒன்று மட்டும் உள்ளவர்களுக்குக் கடுமையான ஃபால்சிபாரம் மலேரியா வருவது வெகுவாகக் குறைவு. ஒரு காரணம், அவர்களுடைய சிவப்பணுவில் ஒட்டுண்ணியால் அந்த முண்டுகளைச் சரியாகக் கட்ட முடிவதில்லை, ஒட்டும் புரதம் குறைவாகவே மேலே வருகிறது, தந்துகியில் பிடிமானம் தளர்ந்துவிடுகிறது. ஓவேலை எடுத்துவிட்டு இதை வையுங்கள், விலையை நூறு ரூபாய் ஏற்றினாலும் வாங்குவோம்.

பராமரிப்பு பற்றி இரண்டு வார்த்தை. ஜீம்சா வெளிச்சத்தில் வெளுக்கும், பெட்டியை மூடியே வையுங்கள், ஜன்னலோர மேசையில் ஸ்லைடை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பார்த்து முடித்ததும் ஆயிலை லென்ஸ் பேப்பரால் ஒற்றி எடுங்கள். பிசுபிசுப்பு போகவில்லை என்றால் பேப்பரில் ஒரு சொட்டு சைலீன் விட்டு லேசாக, கவர் சிலிப்பின் ஓரத்தைத் தொடாமல் துடைக்கலாம். ஓரத்தில் பட்டால் உள்ளே ஒட்டியிருக்கும் பசை கரைந்து கண்ணாடி நகர்ந்துவிடும்.

ஆர்டர் போடும்போது புது பேட்ச் ஸ்லைடு வேண்டும் என்று கேளுங்கள், வைவாக்ஸ் 7.2 பஃபரில் சாயமிட்டதா என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத விற்பனையாளர் என்றால் வேறு ஆளிடம் வாங்குங்கள், பெட்டி அதேதான், பழைய சரக்கைத் தள்ளிவிடாமல் இருப்பார்கள்.